உருளாயமும் பொருளாயமும்: சூதின் வருவாயும் அரசின் கடமையும்

விளையாட்டுப் போட்டிகளின்மேற் பந்தயம் வைத்தலையும், கேசினோ எனப்படும் சூதாட்ட விடுதிகளையும் ஓர் அரசு சட்டத்தால் ஏற்றுக்கொள்ளலாமா என்னும் வினா நம் நாட்டில் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகின்றது. கிரிக்கெட் ஆட்சிமுறையைச் சீர்திருத்துதற்பொருட்டு உச்ச நீதிமன்றம் அமைத்த நீதியரசர் லோதா குழு, 2016-ஆம் ஆண்டில் பந்தயத்தைச் சட்டமுறைக்கு உட்படுத்தலாம் எனப் பரிந்துரைத்தது. 2018-இல் இந்தியச் சட்ட ஆணையம் தன் 276-ஆம் அறிக்கையில், சூதும் பந்தயமும் விரும்பத்தக்கன அல்ல என்றும், முற்றத் தடுத்தல் இயலாதாயின் ஒழுங்குபடுத்தலே வழி என்றும் உரைத்தது. 2025-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ இணையவழிப் பணவிளையாட்டுகளைத் தடை செய்தது. இவ்வினாவைப் புதியதென்றே பலரும் கருதுவர். ஆயின், இன்று இரு திறத்தாரும் எடுத்துரைக்கும் வாதங்கள் பழைய நூல்களிலேயே காணப்படுகின்றன. அவற்றையும், சென்னை மாகாணத்திலும் தமிழ்நாட்டிலும் இயற்றப்பெற்ற சட்டங்களின் வரலாற்றையும் ஒருங்கு வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பழந்தமிழர் ஆடல்

பழந்தமிழகத்தில் வல், வட்டு, கவறு என்னும் சொற்கள் இவ்வகை ஆட்டங்களையும் அவற்றின் கருவிகளையும் குறித்து வழங்கின. தொல்காப்பியர் புள்ளிமயங்கியலில் ‘வல்’ என்னும் சொல்லுக்குப் புணர்ச்சி விதி கூறுமிடத்து, அதனோடு நாயும் பலகையும் வந்து புணர்தலைத் தனியே எடுத்தோதுகின்றார். ஈண்டு நாய் என்பது ஆட்டக் காயாகும். இலக்கண நூலார் தனி விதி வகுக்கும் அளவிற்கு இவ்வாட்டம் வழக்கில் ஊன்றியிருந்தது என்பது இதனால் தெற்றென விளங்கும்.

புறநானூற்றின் 52-ஆம் பாட்டு, பகைவர் நாட்டின் பாழ்நிலையைக் காட்டுமிடத்து, நரைத்த முதியோர் காய்களை இட்டு ஆடியதனாற் குழிந்துபோன பொதியிலின் ஆடிடத்திலே காட்டுக்கோழி முட்டையிடுவதைக் கூறுகின்றது. முதியோர் பொதுவிடத்தில் அமர்ந்து ஆடுதல் ஊர் செழித்திருந்ததன் அடையாளமாக ஈண்டுக் கொள்ளப்பட்டமை கருதற்பாலது. அந்நூலின் 43-ஆம் பாட்டினது அடிக்குறிப்பு பிறிதொரு செய்தியைத் தருகின்றது. சோழன் நலங்கிள்ளியின் தம்பி மாவளத்தானும் தாமப்பல் கண்ணனாரும் வட்டாடியபோது புலவர் காயைக் கையுள் மறைத்தார். இளவரசன் வெகுண்டு வட்டினை அவர்மேல் எறிந்தான். சோழன் மகனல்லை எனப் புலவர் கூற அவன் நாணி நின்றான். ஆட்டத்தில் வஞ்சமும் வெகுளியும் எத்துணை எளிதிற் புகும் என்பதற்கு இது சான்றாகும். எனினும், இவ்விரு பாடல்களிலும் ஆட்டத்தின்வழி அரசன் பொருள் கொண்டான் என்னும் குறிப்பு இல்லை.

2. வடநூலார் கண்ட இரு நெறிகள்

சூதினை அரசன் யாது செய்தல் வேண்டும் என்னும் வினாவிற்கு வடமொழி நூல்கள் வெளிப்படையாகவே விடை கூறுகின்றன. ஆயின் அவ்விடை ஒன்றன்று. மனு நூல் சூதையும், உயிருள்ளவற்றைப் போரிடவிட்டுப் பந்தயம் வைத்தலையும் நாட்டினின்று அகற்றுமாறு அரசனைப் பணிக்கின்றது. அவற்றை வெளிப்படையான களவு என இகழ்கின்றது. யாஞ்ஞவற்கியமோ சூதாட்டக் களத்தை நடத்துவோன் வென்ற பொருளிற் பங்கு கொள்ளவும், அரசனது பாதுகாப்பைப் பெற்று அவனுக்குரிய பகுதியைச் செலுத்தவும் இடந்தருகின்றது. மனு தடுத்ததனைப் பிறர், அரசனுக்குப் பங்கு உண்டாயின், ஏற்றனர் எனப் பிருகற்பதி மிருதி இவ்வேறுபாட்டை ஒளியாது கூறுகின்றது. ஏற்றுக்கொண்டமைக்கு அரசன் பங்கே நிபந்தனையாக நின்றமையை நாம் நோக்குதல் வேண்டும்.

இந்நெறியை ஆட்சித்துறையாகவே வகுத்தவர் கௌடிலியர். அருத்தசாத்திரத்தின் மூன்றாம் அதிகரணத்திற் சூதுக்கென ஓர் அத்தியக்கன் கூறப்படுகின்றான். சூதாட்டம் ஓரிடத்திலேயே நடைபெறுமாறு அவன் செய்தல் வேண்டும். வேறிடத்தில் ஆடுவோர்க்குப் பன்னிரண்டு பணம் தண்டம். மறைவாகப் பிழைப்பு நடத்தும் கள்வரை அறிதற்கே இவ்வேற்பாடு என்று காரணமும் கூறப்படுகின்றது. பொய்க்கவறு இடுவார்க்குத் தண்டம் உண்டு. வென்ற பொருளில் நூற்றுக்கு ஐந்தும், கவறு முதலியவற்றின் வாடகையும், நீருக்கும் இடத்திற்கும் உரிய கட்டணமும் அத்தியக்கன் பெறுவான். இன்று உரிமம், கண்காணிப்பு, வரி என மூவகையாகக் கூறப்படும் முறை முழுவதும் இதனுள் அடங்கியுள்ளது. லோதா குழுவும் சட்ட ஆணையமும் கண்ட வழி புதியதன்று. மறைவில் நிகழ்வதை வெளிச்சத்திற்குக் கொணர்தல் என்னும் கௌடிலியர் கருத்தே அது. அந்நூலே எட்டாம் அதிகரணத்தில் அரசனைக் கெடுக்கும் தீயொழுக்கங்களுள் ஒன்றாகச் சூதினை வைத்தெண்ணுகின்றது. அரசனுக்கு ஆகாதது குடிகளிடம் வருவாய் ஆயிற்று.

3. வள்ளுவர் கொள்கை

திருவள்ளுவர் சூதினைப் பொருட்பாலில், 94-ஆம் அதிகாரமாக, கள்ளுண்ணாமைக்குப் பின்னும் மருந்துக்கு முன்னும் வைத்தனர். இவ்வதிகாரத்தில் தண்டமும் இல்லை, உரிமமும் இல்லை. சூது செய்யும் கேட்டினையே அவர் கூறுகின்றார். கழகம் என்னும் சொல் இவ்வதிகாரத்திற் சூதாடும் களத்தைக் குறித்து வருதலும் ஈண்டு நினைக்கத்தக்கது. அறிஞர் அவைக்கு ஆகி வந்த சொல்லை இன்று பயில்வோர் இப்பொருளை அறியாது மயங்குதல் கூடும்.

இரு கருத்துகள் நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதன. முதலாவது, வெற்றியே வருமாயினும் சூதினை விரும்பலாகாது என்பதும், வென்ற பொருள் மீன் விழுங்கிய தூண்டிலின் இரும்பு போன்றது என்பதும் ஆம். வெல்லும் திறனுடையான் என்பதனால் ஒருவனுக்கு அவர் விலக்கு அளித்திலர். இரண்டாவது, மூன்றாங் குறளில் வரும் உருளாயம், பொருளாயம் என்னும் சொற்களின் இயைபு. ஆயம் என்பது வருவாய். உருளும் கவற்றின் ஆயத்தை ஓயாது கூறுவானாயின், அவன் பொருளும் அது வரும் வழியும் அவனை நீங்கிப் பிறர்பாற் சென்று சேரும் என்பது கருத்து. கௌடிலியர் உருளாயத்தைப் பொருளாயத்தின் ஒரு பகுதியாக்கினார். வள்ளுவரோ முன்னது பின்னதை அழிக்கும் என்றார். இரு பேராசிரியரும் பொருளியல் கூறும் இடத்திலேயே இவ்வாறு முரணுதல் சிந்திக்கத்தக்கது.

இவ்வதிகாரத்தின் இறுதிக் குறள், பொருளை இழக்குந்தோறும் சூதின்மேற் காதல் மிகும் என்கின்றது. சூதின் வருவாய் எங்கிருந்து வருகின்றது என்பதை இது காட்டும். ஒருமுறை ஆடி நீங்குவோரால் அது பெருகாது. இழந்தும் நீங்கமாட்டாது மீண்டும் வருவோராலேயே அது நிலைபெறும்.

4. சென்னை மாகாணச் சட்டங்கள்

ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்விரு நெறிகளும் ஒரே சட்டத்தில் இடம் பெற்றன. கல்கத்தாவில் 1817-இல் அமைந்த சீட்டுக் குழு, குலுக்குச் சீட்டின் வருவாயைக் கொண்டு நகரைத் திருத்தியது. 1870-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்திற் சேர்க்கப்பட்ட 294-அ பிரிவு, அரசின் இசைவு பெறாத சீட்டு நிலையத்தையே குற்றமாக்கியது. குற்றம் சீட்டில் இல்லை. இசைவின்மையில் இருந்தது என்பது இதன் பொருள்.

1930-ஆம் ஆண்டின் சென்னைச் சூதாட்டச் சட்டம் பொதுச் சூதாட்ட இடங்களை நடத்துவோரையும் ஆடுவோரையும் தண்டிக்க வகை செய்தது. ஆயினும், பந்தய நாளில், அதற்கென ஒதுக்கப்பெற்ற அடைப்பிடத்துள், குதிரைகளின்மேற் பணம் வைத்தல் சூது எனப்படாது என விலக்கும் அளித்தது. 1935-இற் பந்தய வரிச் சட்டம் வந்தது. ஆகவே, தெருவோரத்தில் ஆடிய ஏழை குற்றவாளியாயினான். கிண்டியின் அடைப்புள் ஆடியவன் வரி செலுத்துவோன் ஆயினான். ‘ஓரிடத்தில் ஆடுக’ என்னும் அருத்தசாத்திர விதியே ஈண்டு வேற்று வடிவிற் காணப்படுகின்றது. தமிழக அரசு 1974-இற் குதிரைப் பந்தய ஒழிப்புச் சட்டத்தை இயற்றியது. அது வழக்காகி, 1996-இல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் பெரும்பான்மையும் திறனைச் சார்ந்தது. ஆதலின் சூதாகாது எனத் தீர்ப்பளித்தது.

திறன், வாய்ப்பு என்னும் இப்பாகுபாடே அண்மைக்கால வழக்குகளின் உயிர்நிலையாகும். 1957-இல் உச்ச நீதிமன்றம், சூது வாணிகம் என்னும் அரசியலமைப்புப் பாதுகாப்பைப் பெறாது என்றது. 1968-இல் ரம்மி பெரிதும் திறனாட்டம் என்றது. இணையவழி ஆட்டங்களைத் தடுக்கத் தமிழ்நாடு 2021-இற் செய்த திருத்தம் உயர் நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. நீதியரசர் சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் வந்த புதிய சட்டமும் 2023-இல் ரம்மி, போக்கர் அளவில் தளர்த்தப்பட்டது. வள்ளுவர் நெறியில் இப்பாகுபாட்டிற்கு இடமில்லை என்பதை முன்னரே கண்டோம். 2025-ஆம் ஆண்டின் மையச் சட்டமும், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டம் திறனாயினும் வாய்ப்பாயினும் ஒன்றே எனக் கொண்டது.

5. பரிசுச்சீட்டு தந்த படிப்பினை

அரசே சூதில் இறங்கின் யாது நிகழும் என்பதற்குப் பரிசுச்சீட்டின் வரலாறு தக்க சான்று. கேரள அரசு 1967-இற் பரிசுச்சீட்டுத் துறையைத் தொடங்கியது; தமிழக அரசு 1968-இல் அதனைப் பின்பற்றியது. நலப்பணிக்கு நிதி என்னும் நன்னோக்கமே இரண்டிற்கும் கூறப்பட்டது. காலப்போக்கிற் பிற மாநிலச் சீட்டுகளும் எல்லை கடந்து வந்தன. 1998-ஆம் ஆண்டின் மையச் சட்டம், பிற மாநிலச் சீட்டுகளைத் தன் எல்லையுள் தடுக்கும் உரிமையை மாநிலங்கட்கு அளித்தது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அவ்வுரிமைக்கு எல்லை வகுத்தது: தானும் சீட்டு நடத்தாத மாநிலமே பிறர் சீட்டைத் தடுக்கலாம் என்றது.

இத்தீர்ப்பு சட்டநுணுக்கம் மட்டும் உடையதன்று. ஆழ்ந்த அரசியல் உண்மையும் உடையது. பங்கு பெறும் அரசு நடுவனாக இருக்கும் தகுதியை இழக்கின்றது என்பதே அவ்வுண்மை. 2003-இல் தமிழ்நாடு தன் சீட்டையும் பிறர் சீட்டையும் ஒருங்கே விலக்கியது. தன் வருவாயை விட்டபின்னரே பிறரைத் தடுக்கும் வலிமை அதற்கு வாய்த்தது.

6. எதிர்வாதமும் அதன் எல்லையும்

தடைச்சட்டம் சூதினை ஒழிப்பதில்லை; மறைவிடத்திற்கு விரட்டுகின்றது; அங்கே ஏமாந்தவனுக்கு முறையீடும் இல்லை என்பர் சட்டமுறையை வேண்டுவோர். இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாரம் எளியோர்மீதே விழுந்தமையை மேலே காட்டினோம். ஆடுவோனைச் சிறைப்படுத்துதல் அறமும் ஆகாது; பயனும் தாராது.

ஆயின், உரிமம் தந்த இடங்களின் வரலாறும் காண்டற்பாலது. கோவாவில் 1992-இல் நட்சத்திர விடுதிகளில் சூதாட்டப் பொறிகட்கும், 1996-இல் நீர்மேல் நிற்கும் கப்பல்களிற் சூதாட்டத்திற்கும் சட்டம் இடந்தந்தது. அம்மாநிலமே 2020-இல் தன் குடிகள் அவ்விடங்களுள் நுழைதலைத் தடுத்தது. வெளியூரார் பணம் வருவாயாகலாம். தம் மக்கள் மட்டும் ஆடலாகாது என்பது இதன் கருத்து. கேடு உண்டென்பதற்கு இதனினும் வெளிப்படையான ஒப்புதல் வேண்டுவதில்லை. அரசனுக்குத் தீதென்றதைக் குடிகளிடம் வருவாயாக்கிய பழைய முரண், ஈண்டுத் தன் குடிக்கும் பிறன் குடிக்கும் இடையிலான முரணாக உருமாறியுள்ளது. இணையவழி ஆட்டங்களிலும் இம்முரண் உண்டு. அவற்றில் வைக்கும் முழுத்தொகைமீதும் 28 விழுக்காடு வரி 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இரண்டு ஆண்டு நிறையுமுன் அவ்வாட்டங்களே தடை செய்யப்பட்டன.

7. முடிபு

இதுகாறும் கூறியவற்றால், தடுத்தல், பொறுத்தல், பங்கு பெறுதல் என அரசின் முன் மூன்று வழிகள் உள்ளன என்பது பெறப்படும். தடுத்தலா பொறுத்தலா என்பது காலமும் இடமும் நோக்கி முடிவு செய்யத்தக்கது. அதன்கண் அறிஞர் மாறுபடலாம். அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணை சூதினையும் பந்தயத்தையும் மாநிலப் பட்டியலிலேயே வைத்துள்ளது. ஆதலின் அவ்வுரிமையோடு அதன் பொறுப்பும் மாநிலங்களையே பெரிதும் சார்ந்தது. பங்கு பெறுதலோ வேறு தன்மையது. அது பொறுத்தல் என்னும் போர்வையில் வருவது. வந்தபின் நீங்குதற்கு அரியது.

ஆகவே, பந்தயத்தையும் சூதாட்ட விடுதியையும் சட்டமாக்க முன்வரும் எவ்வரசினையும் ஒரு வினா கேட்டல் வேண்டும்: நூற்றுக்கு ஐந்து என்னும் அப்பங்கு ஒரு காசும் வாராதெனினும், மக்களைக் காத்தற்பொருட்டு இவ்வொழுங்குமுறையை மேற்கொள்வீரோ? ஆம் எனின், அச்சட்டம் காவற்சட்டம். அதனை ஏற்று ஆராயலாம். இல்லை எனின், அது வருவாய்ச் சட்டமே. இழந்தும் நீங்கமாட்டாத குடிமகனது இழப்பினைத் தன் வரவு செலவுத் திட்டத்தில் வரவாக எழுதும் அரசு, அவன் திருந்துதலை மனமார விரும்புதல் அரிது. உருளாயம் பொருளாயத்தைப் புறத்தே போக்கும் என்னும் வள்ளுவர் எச்சரிக்கை தனி மனிதனுக்கு மட்டுமன்றி அரசிற்கும் பொருந்தும் என்பதே எம் துணிபு.