தொழில்முயற்சி: திருவண்ணாமலை வட்டாரம்

தொழில்முயற்சியாவது, தெரிந்த விலைக்கு வாங்கிய பொருளை இன்ன விலைக்குப் போகும் என்ற நிச்சயமின்றி விற்கத் துணிந்து, லாபநஷ்டம் இரண்டையும் தானே ஏற்பதாகும். 1755-இல் அச்சேறிய நூலில் ரிச்சர்ட் கான்டிலான் வகுத்த இவ்விலக்கணம், நூதன இயந்திரம் எதனையும் நிபந்தனையாக வைக்கவில்லை.

பூர்வ நிலை: சோழர் காலத்துத் தமிழகக் கோயில்களில், அணையாத நந்தா விளக்குக்கென அளிக்கப்பட்ட ஆடுகளை இடையர் பெற்று, நாள்தோறும் குறித்த அளவு நெய் அளந்து, மந்தையின் பெருக்கத்தைத் தாம் அனுபவித்துவந்தனர். தர்மத்தையும் ஜீவனத்தையும் ஒருங்கே காத்த இந்த ஏற்பாட்டில், நோயும் வறட்சியும் வந்தபோதும் நெய்க்குப் பொறுப்பு இடையருடையதே.

மல்லாட்டை வாணிகம்: 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அந்நாளில் திருவண்ணாமலையும் அடங்கியிருந்த தென்னார்க்காட்டின் மானாவாரி நிலங்களில் விளைந்த மல்லாட்டை எனப்படும் நிலக்கடலை, புதுச்சேரித் துறைமுகம் வழியே பிரான்சின் மார்சேல்ஸ் நகரத்து எண்ணெய், சவுக்கார ஆலைகளுக்குச் சென்றது. விதைப்புக்கு முன்பே குடியானவருக்கு முன்பணம் கொடுத்த வியாபாரிகள், மழையையும் கடல்கடந்த விலையையும் நம்பியே மூலதனத்தை இறக்கினர். ஆயினும் வட்டி மிகுந்தவிடத்து அம்முன்பணமே குடியானவருக்கு விலங்காயிற்று.

தறியும் பாயும்: 1989-இல் அமைந்த திருவண்ணாமலை மாவட்டத்தில், ஆரணி பட்டுச் சேலைக்கும் அரிசி ஆலைகளுக்கும், வந்தவாசி கோரைப்பாய்க்கும் பெயர்பெற்றவை. பட்டு நூலும் ஜரிகையும் முன்னதாக வாங்கித் தந்து, பாவு ஓட்டுவோர், சாயமிடுவோர், நெய்வோர் என ஒரு சேலைக்குப் பின்னிருக்கும் பல குடும்பங்களுக்கு வேலை சேர்ப்பவரின் சாமர்த்தியம், எந்தப் பெருந்தொழில் அதிபரின் திறமைக்கும் குறைந்ததன்று.

கிரிவலப் பாதை: திருவண்ணாமலை மலையைச் சுற்றிய 14 கிலோமீட்டர் பாதையில் பௌர்ணமிதோறும் திரளும் யாத்திரிகர்களுக்காகக் கற்பூரம், பூமாலை, சிற்றுண்டி, இளநீர் ஆகியவற்றை விற்போர், சிறு முதலைக் கொண்டு ஓரிரவில் அம்மாதத்து வரவின் பெரும்பகுதியை ஈட்டவேண்டியவர்கள்; மழை பெய்தால் நஷ்டம் அவர்களுடையதே.

மதிப்பு: இம்முயற்சிகளால் வருமானம் ஊரிலேயே பரவுகிறது, எழுத்தறிவு குறைந்தவருக்கும் சுயமரியாதையுள்ள ஜீவனம் கிட்டுகிறது. 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் கூட்டுறவுச் சங்கம் நெசவாளருக்குச் சந்தையையும், 1949-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகம் ஆலைகளுக்குக் கடனையும் அளிக்க முற்பட்டன. அவ்வாதரவு, கார்த்திகைத் தீபத் திருவிழாவுக்கு முன்பாகவே குறைந்த வட்டியில் கைமுதல் வேண்டி நிற்கும் பூக்காரிக்கும் கிட்டும்போதுதான், அபிவிருத்தி என்னும் சொல் இவ்வட்டாரத்தில் முழுப் பொருள் பெறும்.