ஐ.நா. செயலகப் பயிற்சிப் பணி
ஐக்கிய நாடுகள் அவையின் செயலகம் மாணவர்களுக்கு அளிக்கும் குறுகிய காலப் பயிற்சி. முதுநிலைப் பட்டம் அல்லது முனைவர் பட்டத்துக்குப் படிப்போர், இளநிலை இறுதியாண்டினர், பட்டம் பெற்று ஓராண்டு கடக்காதோர் விண்ணப்பிக்கலாம். காலம் பொதுவாக 2 முதல் 6 மாதம். நியூயார்க், ஜெனீவா, வியன்னா, நைரோபி முதலிய அலுவலகங்களில் கூட்டக் குறிப்பெடுத்தல், தரவு திரட்டல், அறிக்கைக்கு வரைவு எழுதுதல் போன்ற வேலைகள் தரப்படும். சம்பளம் கிடையாது; விமானக் கட்டணம், விசா, வாடகை எல்லாம் பயிற்சியாளர் தலையில்தான். வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கே இது கைகூடும் என்ற குறை பழையது, நியாயமானதும்கூட. 2015இல் ஜெனீவாவில் நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஒருவர் கூடாரத்தில் தங்கியது உலகச் செய்தியானது. கவனத்தை ஈர்க்கவே அப்படிச் செய்ததாக அவர் பின்னர் ஒப்புக்கொண்டாலும் விவாதம் ஓயவில்லை. ஐ.நா. குடும்பத்தைச் சேர்ந்த உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் தன் பயிற்சியாளர்களுக்கு உதவித்தொகை வழங்கத் தொடங்கியது.