மாட்டுக் கிருமியும் பூனைக்குட்டியும்

குட்டி நன்றாகத்தான் தின்னும், துள்ளும். மணல் தட்டில் மட்டும் சாணம் மாதிரி இளகலாய், மூக்கைப் பொத்த வைக்கும் கழிச்சல். ஆசனவாய் புண்ணாகிச் சிவந்திருக்கும். எங்கள் கால்நடை மருத்துவத் தொழிலில் முதலில் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியைத்தான் சந்தேகிப்போம். மெட்ரோனிடசோல் மாத்திரை கொடுத்தால் கழிச்சல் நிற்கும், மாத்திரை தீர்ந்ததும் திரும்பும்.

இந்த முடிச்சை அவிழ்த்ததில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலையின் ஜோடி குக்கினுக்குப் பெரும்பங்கு. பசுக்களுக்குக் கருச்சிதைவு உண்டாக்கும் டிரைட்ரைகோமோனாஸ் கிருமிதான் குட்டிகளின் பெருங்குடலிலும்! 2004இல் வெளியான ஆய்வில், சர்வதேசப் பூனைக் கண்காட்சி ஒன்றுக்கு வந்த 117 பூனைகளில் 36க்கு அது இருந்தது. காளைகளைச் சோதிக்கும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் பையே பூனைக்கும் உதவியது. மலம் புதிதாக இருக்கவேண்டும். ஃபிரிட்ஜில் வைத்தால் கிருமி செத்துவிடும்.

2006இல் இதற்கு ரோனிடசோல் என்ற மருந்து பலித்தது. அதுவோ புறாக்காரர்களின் மருந்து! அளவு மிஞ்சினால் நரம்பைத் தாக்கும். நடை தள்ளாடினால் உடனே நிறுத்திவிடுவேன்.