கோல்ப் புற்றரையில் விதியும் நன்னடத்தையும்

கோல்ப் விளையாட்டு வன்னி மக்களுக்கு அதிகம் பரிச்சயமானதல்ல. 1879 ஆம் ஆண்டில் கொழும்பிலும் 1889 ஆம் ஆண்டில் நுவரெலியாவிலும் பிரித்தானியர் ஆரம்பித்த கழகங்கள் இன்றும் இயங்கி வருகின்றன. திருகோணமலை சீனக்குடாவில் விமானப்படையின் மைதானம் ஒன்றும் உள்ளது. எனினும் வவுனியா இளைஞர்களுக்கு இது பெரும்பாலும் தொலைக்காட்சியில் காணும் விளையாட்டே. ஆயினும், வீரர் தமக்குத் தாமே நடுவராக இருக்க வேண்டிய இவ்விளையாட்டின் ஒழுங்குகள் எமக்கும் பயன்தரக்கூடியவை.

குழியைச் சுற்றி மிக ஒட்ட வெட்டப்பட்ட புல்வெளியே ‘கிரீன்’ எனப்படும் புற்றரையாகும். அங்கு புல்லின் உயரம் சுமார் 3 அல்லது 4 மில்லிமீற்றர் மாத்திரமே. பந்தை நிலத்தோடு உருட்டுவதற்கென ‘பட்டர்’ என்னும் கோல் உண்டு. ஆனால் அதையே பயன்படுத்த வேண்டுமென விதி கட்டாயப்படுத்தவில்லை. தம்முடன் கொண்டுசெல்லக்கூடிய 14 கோல்களில் எதனையும் வீரர் பயன்படுத்தலாம்.

1987 ஆம் ஆண்டின் ரைடர் கிண்ணப் போட்டியில் அமெரிக்க வீரர் பென் கிரென்ஷோ ஆத்திரத்தில் தமது பட்டரை உடைத்துக்கொண்டார். சினத்தால் முறித்த கோலுக்கு மாற்றுக்கோல் கிடையாது. எனவே வேறு கோல்களால் பந்தை உருட்டி ஆடிய அவர், அயர்லாந்தின் ஈமன் டார்சியிடம் கடைசிக் குழியில் தோல்வியடைந்தார். 2021 மாஸ்டர்ஸ் போட்டியில் இதே நிலைக்கு உள்ளான தென்கொரியாவின் சி வூ கிம், தொலைதூர அடிகளுக்குரிய ‘3 வூட்’ கோலால் அன்றைய ஆட்டத்தை முடித்தார். இருவரும் விதியை மீறவில்லை; கோபத்திற்கான விலையையே செலுத்தினர்.

பந்தை மேலெழச் செய்யும் ‘வெட்ஜ்’ கோலின் நிலை வேறு. புற்றரை அவரை விதைபோல் வளைந்து, பந்துக்கும் குழிக்கும் இடையே உயர்ந்த புல் குறுக்கிடும்போது அக்கோலை எடுப்பதற்கும் விதி இடமளிக்கிறது. ஆயினும் அதன் கூரிய விளிம்பு சற்றுத் தவறினாலும் புல் பெயர்ந்துவிடும். அந்த வடு ஆற வாரக்கணக்காகும். இதனாலேயே பல கழகங்களில் இச்செயல் முகச்சுளிப்புக்கு உள்ளாகிறது. பந்து வேறொரு குழிக்குரிய புற்றரையில் விழுந்தாலோ, அங்கிருந்து ஆடுவதை விதியே தடுக்கிறது. பந்தை வெளியே எடுத்து இட்டே ஆட வேண்டும்.

பிறருடைய பந்து உருளும் பாதையை மிதிக்காதிருத்தல், அவர் ஆடும்போது அசையாமலும் பேசாமலும் நிற்றல், தமது நிழல் பாதையில் விழாது பார்த்துக்கொள்ளல், பந்து விழுந்த தழும்பைச் சீர்செய்தல் என்பன புற்றரையின் ஏனைய மரபுகள். காலணி ஏற்படுத்திய தடங்களையும் ஆடுவதற்கு முன்னரே சீர்செய்ய 2019 ஆம் ஆண்டின் விதித்திருத்தம் அனுமதி வழங்கியது. அத்திருத்தம், மைதானத்தைப் பேணுவதும் பிறரை மதிப்பதும் வீரரின் கடமை என்பதை முதலாவது விதியிலேயே சேர்த்துக்கொண்டது.

விதி அனுமதிக்கும் யாவும் செய்யத் தகுந்தவையல்ல என்பதே இதன் சாரம். பாடசாலைகளும் கழகங்களும், தமிழ், முஸ்லிம், சிங்கள இளைஞர்களும் மைதானங்களைப் பகிர்ந்துகொள்ளும் எமது பிரதேசத்திற்கு இது மிகவும் பொருந்தும். மழையில் நனைந்த ஆடுகளத்தை ஆணிக் காலணியால் உழுதுவிட்டுச் செல்பவர், மறுநாள் விளையாட வரும் சிறுவனின் உரிமையையே பறிக்கின்றார். தமக்குப் பின் வருபவருக்காக மைதானத்தைச் செவ்வனே விட்டுச் செல்பவரே உண்மையான விளையாட்டு வீரராவார்.