பெரிய டயர், உயர்த்திய கெப்: டீசல் எங்கே போகிறது?

கம்பனி பூட்டி அனுப்பிய டயரைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரியதைப் பூட்டுவது ஒரு மாற்றம். சஸ்பென்ஷனில் லிஃப்ட் கிட் போட்டு வண்டியை இரண்டு, மூன்று அங்குலம் உயர்த்துவது இன்னொன்று. டபுள் கெப் வைத்திருப்பவர்களில் பலருக்கு இரண்டின் மீதும் ஆசை உண்டு. செய்து முடித்த பிறகு வரும் முறைப்பாடும் பெரும்பாலும் ஒன்றுதான்: வண்டி முன்னரைவிட டீசல் குடிக்கிறது. அது உண்மைதான். ஆனால் எவ்வளவு கூடுதலாகக் குடிக்கிறது என்ற கணக்குத்தான் பிழைத்துப்போகிறது. பெரிய டயர் பூட்டியதும் வண்டியின் கிலோமீற்றர் காட்டியே பிழையாகிவிடுவதுதான் காரணம்.

லீற்றர்க் கணக்கு நமக்குப் புதிதல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்கில் சில சொட்டுப் பெற்றோலில் இயந்திரத்தைக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அதன் பின்னர் வந்த பொருளாதார நெருக்கடியில், 2022 ஜூன் 26 அன்று ஒட்டோ டீசல் லீற்றர் 460 ரூபாவுக்கு உயர்ந்தது. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் நாடு முழுவதும் கியூஆர் பங்கீடு நடைமுறைக்கு வந்தபோது காருக்கும் வேனுக்கும் வாரத்துக்கு 20 லீற்றர் ஒதுக்கப்பட்டது. அந்த முறை 2023 செப்டெம்பரில் நீக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் டீசலில் பிழைப்பு நடத்தும் குடும்பத்துக்கு ஒரு லீற்றர் எத்தனை கிலோமீற்றர் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. நெல் ஏற்றுபவர், மீன் பெட்டி ஏற்றுபவர், கட்டடப் பொருள் ஏற்றுபவர் என எவருக்கும் அதில்தான் இலாபமும் நட்டமும்.

டயர் எண்ணில் என்ன இருக்கிறது

ரொயோட்டா ஹைலக்ஸ் வண்டிகளில் பரவலாகக் காணப்படும் ஓர் அளவு 265/65 ஆர் 17. இதில் 265 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம். அகலத்தின் 65 சதவீதம் என்று பொருள். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இவற்றைக் கூட்டினால் டயரின் முழு விட்டம் ஏறத்தாழ 776 மில்லிமீற்றர் வரும்.

அதே ரிம்மில் 285/70 ஆர் 17 டயரைப் பூட்டினால் விட்டம் ஏறத்தாழ 831 மில்லிமீற்றர். கடைகளில் 33 அங்குல டயர் என்று சொல்லப்படுவது ஏறக்குறைய இந்த அளவுதான். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 7 சதவீதம். பார்வைக்குச் சிறிய எண். ஆனால் கிலோமீற்றர் காட்டி, கியர், பிரேக் என்று வண்டியின் பல பாகங்களை அது தொடுகிறது.

கிலோமீற்றர் காட்டி சொல்லும் பொய்

வண்டி தான் ஓடிய தூரத்தை நேரடியாக அளப்பதில்லை. சக்கரத்தின் சுழற்சியை எண்ணி, ஒரு சுழற்சிக்கு இவ்வளவு தூரம் என்று கம்பனி வைத்த கணக்கின்படி காட்டுகிறது. பழைய டயர் ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 410 தடவை சுழன்றது என்றால், பெரிய டயர் 383 தடவை சுழன்றாலே போதும். எண்ணிக்கை குறைகிறது. அதனால் வண்டி உண்மையில் 107 கிலோமீற்றர் ஓடியிருக்க, காட்டி 100 என்றே சொல்லும். வேகமும் அப்படித்தான். முள் 70 காட்டும்போது, முன்னர் சரியாகக் காட்டிய வண்டியின் உண்மை வேகம் இப்போது 75 ஆக இருக்கும்.

ஒரு எடுத்துக்காட்டு பார்ப்போம். பழைய டயரில் லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடிய வண்டி, டயர் மாற்றிய பின் காட்டியின்படி 8.4 கிலோமீற்றர்தான் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளர் 16 சதவீதம் நட்டம் என்று தலையில் கை வைப்பார். 8.4ஐ 1.07ஆல் பெருக்கிப் பாருங்கள். உண்மையில் ஓடியது ஏறத்தாழ 9 கிலோமீற்றர். நட்டம் 10 சதவீதம். மிச்சம் 6 சதவீதம் காட்டியின் பிழை.

பழைய வண்டி வாங்குபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனிப்பட்ட பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருக்கின்ற வண்டிகளே கைமாறிக்கொண்டிருந்தன. பெரிய டயரில் ஓடிய கெப்பின் காட்டியில் கூடியிருக்கும் ஒவ்வொரு 100,000 கிலோமீற்றரும் உண்மையில் 107,000. இயந்திரமும் பெயரிங்கும் தேய்ந்திருப்பது உண்மையான தூரத்துக்கு ஏற்பவே.

உண்மையான இழப்பு வரும் வழிகள்

காட்டியின் பிழையைக் கழித்த பிறகும் இழப்பு இருக்கும். அது நான்கு வழிகளில் வருகிறது.

முதலாவது, உருளும்போது ஏற்படும் தடை. டயர் தரையைத் தொடும் இடத்தில் நசுங்கி, விலகியதும் மீள்கிறது. இந்த நசுங்கலில் டீசலின் ஒரு பங்கு வெப்பமாகப் போகிறது. அகலமான, ஆழமான வெட்டுகள் கொண்ட சேற்று டயரில் ரப்பர் அதிகம், இழப்பும் அதிகம். உருளும் தடை 10 சதவீதம் மாறினால் எரிபொருள் செலவு 1 முதல் 2 சதவீதம் மாறும் என்று அமெரிக்கத் தேசிய ஆய்வுப் பேரவையின் 2006 ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது.

இரண்டாவது, எடை. பெரிய டயர் ஒவ்வொன்றும் பழையதைவிடச் சில கிலோ கூடுதல். சுழலும் எடை என்பதால், வண்டியை நிறுத்தி எடுக்கும் ஒவ்வொரு தடவையும் அது தன் பங்கைக் கேட்கும். கல்முனை பஸார் நெரிசலில் ஓடும் வண்டிக்கு இதுதான் பெரிய எதிரி.

மூன்றாவது, காற்று. வண்டி உயரும்போது அடிப்பக்கம் காற்றுக்குத் திறந்துவிடுகிறது. அகலமான டயரும் காற்றை மறிக்கிறது. வேகம் 60இலிருந்து 80க்குக் கூடினால், அதே தூரத்துக்குக் காற்றோடு மல்லுக்கட்டச் செலவாகும் சக்தி முக்கால் பங்குக்கு மேல் கூடும். பொத்துவில், சியம்பலாண்டுவ, மொனராகலை வழியாகக் கொழும்புக்குப் போகும் நீண்ட ஓட்டத்தில் இது தெரியும். ஊருக்குள் 30, 40இல் ஓடும்போது லிஃப்ட் கிட்டால் வரும் காற்றுத் தடை அவ்வளவு பெரிதல்ல.

நான்காவது, கியர். டயர் 7 சதவீதம் பெரிதானால் எல்லாக் கியர்களும் அந்த அளவுக்கு நீண்டுவிட்டது போன்ற நிலை. சுமையோடு எடுக்கும்போது இயந்திரம் திணறும். அக்சிலரேட்டரைக் கூடுதலாக மிதிக்க நேரும். கீழ்க் கியரில் கூடுதல் நேரம் ஓட நேரும். சமதரையில், சுமையில்லாமல், ஒரே வேகத்தில் ஓடும்போது மட்டும் இயந்திரச் சுழற்சி குறைவதால் இழப்பில் சிறு பகுதி ஈடாகலாம். சிலர் தங்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரூபாவில் எவ்வளவு

மேலே சொன்ன எடுத்துக்காட்டையே எடுப்போம். மாதம் 1,500 கிலோமீற்றர் ஓடும் வண்டி, லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடினால் 150 லீற்றர் கேட்கும். 9 கிலோமீற்றர் ஓடினால் ஏறத்தாழ 167 லீற்றர் கேட்கும். மாதத்துக்கு 17 லீற்றர், ஆண்டுக்கு 200 லீற்றர் மேலதிகம். லீற்றர் 280 ரூபா என்று கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 56,000 ரூபா. 2022 இன் 460 ரூபா விலையில் அது 92,000 ரூபா. டயருக்கும் லிஃப்ட் கிட்டுக்கும் கொடுத்த காசு இதற்கு வெளியே. பங்கீட்டுக் காலம் திரும்பினால் 20 லீற்றரில் 200 கிலோமீற்றர் ஓடிய வண்டி 180உடன் நின்றுவிடும்.

உயரம் யாருக்குத் தேவை

வயல் வரம்பிலும் மணலிலும் வெள்ளத்திலும் உயரம் உதவும் என்பது மாற்றம் செய்பவர்களின் வழமையான பதில். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சம்மாந்துறை வயல்வெளிப் பாதைகளில் வண்டியின் அடி இடிப்பது உண்மை. ஆனால் பின்பக்கம் முழு அச்சும் லீஃப் ஸ்பிரிங்கும் உள்ள கெப்பில் லிஃப்ட் கிட் உயர்த்துவது உடலைத்தான். பின் அச்சின் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷல் பெட்டி இருந்த உயரத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயர் மட்டுமே. மேலே சொன்ன டயர் மாற்றத்தில் அது உயர்வது ஏறத்தாழ 27 மில்லிமீற்றர், ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல். அந்த ஓர் அங்குலத்துக்காகத்தான் மேலே சொன்ன டீசல் எல்லாம் போகிறது.

கடற்கரை மணலில் வண்டியை மீட்பது பெரும்பாலும் உயரமல்ல, காற்று. டயரில் காற்றைக் குறைத்தால் தரையைத் தொடும் பரப்புக் கூடி வண்டி புதையாமல் நகரும். வீதிக்கு வந்ததும் மறக்காமல் திரும்ப நிரப்ப வேண்டும். நான்கு டயர்களிலும் ஒவ்வொரு பிஎஸ்ஐ குறைவுக்கும் எரிபொருள் செலவு ஏறத்தாழ 0.2 சதவீதம் கூடும் என்பது அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் கணிப்பு. பத்து பிஎஸ்ஐ குறைத்துவிட்டு மறந்தால் 2 சதவீதம். டயரும் சூடாகி வெடிக்கலாம்.

வெள்ளம் வேறு விடயம். ஓடும் நீர் இரண்டு அடி ஆழம் இருந்தாலே கெப் போன்ற வண்டிகளையும் இழுத்துச் செல்லும் என்று அமெரிக்க வானிலைச் சேவை எச்சரிக்கிறது. பெரிய டயருக்குள் காற்றும் அதிகம். நீரில் அது வண்டியைத் தூக்கிவிடவே பார்க்கும். 2024 நவம்பர் 26 அன்று காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் மதரசா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றதையும், போன உயிர்களையும் இப்பகுதி மறக்காது. உழவு இயந்திரத்தின் பின்சக்கரம் கெப்பின் டயரைவிடப் பெரியது. நீர் வீதியைக் குறுக்கறுத்து ஓடும்போது எந்த லிஃப்ட் கிட்டையும் நம்பி இறங்கக் கூடாது.

ஏற்கெனவே மாற்றியவர்கள் செய்யக்கூடியவை

முதலில் சரியாக அளவுங்கள். தாங்கியை முழுதாக நிரப்பி, டிரிப் மீற்றரைப் பூச்சியமாக்கி, வழமைபோல் ஓடி, அதே நிலையத்தில் மீண்டும் முழுதாக நிரப்புங்கள். காட்டியின் பிழையை அறிய ஏ4 வீதிக் கிலோமீற்றர் கற்களோடு அல்லது தொலைபேசியின் ஜிபிஎஸ்ஸோடு பத்து, இருபது கிலோமீற்றர் ஒப்பிட்டால் போதும். வித்தியாசத்தைக் கணக்கில் சேர்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.

உயர்த்திய வண்டிக்கு வீல் எலைன்மென்ட் கட்டாயம் பார்க்க வேண்டும். சக்கரம் கோணலாக இழுபட்டால் டயரும் தேயும், டீசலும் போகும். முன்விளக்கைத் தாழ்த்திச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் எதிரே சைக்கிளில் வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். பெரிய டயரை நிறுத்தப் பிரேக்குக்குக் கூடுதல் பலம் தேவை என்பதால் முன்வண்டியோடு இடைவெளி விட்டு ஓடுங்கள். மாற்றம் பற்றி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் கேட்டுத் தெளிவது நல்லது. விபத்துக்குப் பிறகு கேட்பதால் பயனில்லை.

இன்னும் மாற்றாதவர்களுக்கு ஒரு யோசனை. கம்பனி அளவிலேயே, சேற்றுக்கும் வீதிக்கும் பொதுவான ஓல் டெரெய்ன் டயர்கள் கிடைக்கின்றன. வயல் பாதைக்கு வேண்டிய பிடிப்பை அவை தரும். காட்டி பொய் சொல்லாது, கியர் கணக்கும் மாறாது. மாதக் கடைசியில் டீசல் கணக்கைப் பார்ப்பவருக்கு அது சிறிய விடயமல்ல.