ராணுவ ரகசியமும் 103 நாள் சிறையும்

1962 அக்டோபர் 26, வெள்ளிக்கிழமை. கியூபா ஏவுகணை நெருக்கடியால் அணு ஆயுதப் போர் மூளுமோ என்று உலகம் நடுங்கிக்கொண்டிருந்த வாரம். அன்றிரவு மேற்கு ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் 'டெர் ஷ்பீகல்' வார இதழின் அலுவலகத்துக்குள் போலீஸ் புகுந்தது. அறைகளுக்குச் சீல் வைத்தார்கள். அச்சுக்குப் போகவிருந்த இதழின் புரூஃப் பக்கங்களைக்கூடக் காட்டச் சொன்னார்கள். தணிக்கை கிடையாது என்று அரசியல் சட்டத்தின் 5-வது பிரிவிலேயே எழுதிவைத்த நாடு அது.

குற்றச்சாட்டு, தேசத்துரோகம். இரண்டு வாரத்துக்கு முன்பு துணை ஆசிரியர் கான்ராட் ஆலர்ஸ் எழுதிய அட்டைப்படக் கட்டுரைதான் காரணம். நேட்டோ அமைப்பு அந்த செப்டம்பரில் 'ஃபாலெக்ஸ் 62' என்ற போர் ஒத்திகையை நடத்தியிருந்தது. சோவியத் அணுகுண்டு வீசினால் என்ன ஆகும் என்பது ஒத்திகையின் கரு. லட்சக்கணக்கில் மக்கள் மடிவார்கள், மருத்துவ ஏற்பாடுகள் நொறுங்கிப்போகும் என்று தெரியவந்தது. ஜெர்மன் ராணுவத்துக்கு நேட்டோ கொடுத்தது நான்கு தரங்களில் கடைசித் தரம். பாதுகாப்பு அமைச்சர் ஃபிரான்ஸ் யோசப் ஸ்ட்ராஸோ சாதாரணப் படைகளைப் பலப்படுத்துவதைவிட அணு ஆயுதம் பெறுவதிலேயே குறியாக இருக்கிறார் என்று கட்டுரை குற்றம்சாட்டியது.

இதில் எதிரிக்குப் பயன்படும் ரகசியம் எது? பெரும்பகுதி ஏற்கெனவே வேறு இடங்களில் அச்சானதுதான் என்று பத்திரிகைத் தரப்பு வாதாடியது. அரசுத் தரப்பு விடவில்லை. தனித்தனியே வெளிவந்த தகவல்களை ஒரே இடத்தில் கோத்தால் அந்தக் கோவையே ரகசியம் ஆகிவிடும் என்றது. கட்டுரையில் ரகசியம் இருக்கிறதா என்று ஆராய்ந்து கருத்துச் சொன்னது யார் தெரியுமா? பாதுகாப்பு அமைச்சகமேதான். கட்டுரையால் அம்பலப்பட்ட அமைச்சகமே அதற்கு நடுவராகவும் அமர்ந்தது. இந்த வழக்கில் எனக்கு வேறு எதைவிடவும் பெரிய அநீதியாகப் படுவது இதுதான்.

இதழின் நிறுவனர் ருடால்ஃப் ஆக்ஸ்டைன் மறுநாள் தாமே போலீஸில் சரணடைந்தார். ஆலர்ஸ் மனைவியுடன் ஸ்பெயினில் விடுமுறையில் இருந்தார். மாட்ரிட்டில் இருந்த ஜெர்மன் தூதரக ராணுவ அதிகாரிக்கு ஸ்ட்ராஸ் தாமே தொலைபேசியில் பேசினார். சர்வாதிகாரி ஃபிராங்கோவின் போலீஸ் நள்ளிரவில் ஆலர்ஸைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கைதுக்குச் சட்ட ஆதாரம் எதுவும் இல்லை.

(அதே அக்டோபர் 26 அன்றுதான் சீனப் போரையொட்டி இந்தியாவில் நெருக்கடி நிலை பிரகடனமானது. நம் படை ஏன் தோற்றது என்று ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை நமது அரசு இன்றுவரை அதிகாரபூர்வமாக வெளியிடவில்லை.)

ஜெர்மானியர்களுக்கு நள்ளிரவுக் கைது என்றால் என்னவென்று தெரியும். ஹிட்லர் ஆட்சி முடிந்து 17 ஆண்டுகளே ஆகியிருந்தன. அதற்கும் முன்பு, 1931-ல், சர்வதேச ஒப்பந்தத் தடையை மீறி ஜெர்மனி ரகசியமாக விமானப்படையை வளர்ப்பதை வெளியிட்டதற்காக 'டி வெல்ட்பூனே' ஆசிரியர் கார்ல் ஃபான் ஒசியட்ஸ்கிக்கு 18 மாதச் சிறை விதித்தார்கள். பிறகு நாஜிகளின் வதைமுகாமில் உடல் சிதைந்து 1938-ல் இறந்தார். நோபல் அமைதிப் பரிசு பெற்ற மனிதர் அவர். அந்த நினைவு ஆறாத மாணவர்கள் இப்போது தெருவில் இறங்கினார்கள். ஷ்பீகலைக் கடுமையாக விமர்சித்துவந்த பத்திரிகைகளும் தங்கள் அறைகளையும் தட்டச்சு இயந்திரங்களையும் கொடுத்தன. இதழ் ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

பிரதமர் கொன்ராட் அடினாவர், நாட்டில் தேசத்துரோகம் படுகுழியாக வாய் பிளந்து நிற்கிறது என்று நாடாளுமன்றத்தில் முழங்கினார். எனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று முதலில் சொன்ன ஸ்ட்ராஸ், உறுப்பினர்கள் மூன்று நாள் துளைத்தெடுத்ததில் மாட்ரிட் தொலைபேசி அழைப்பை ஒப்புக்கொண்டார். இத்தனை பெரிய நடவடிக்கை நீதித் துறை அமைச்சருக்கே தெரிவிக்கப்படவில்லை என்பதும் வெளிவந்தது. அவருடைய சுதந்திர ஜனநாயகக் கட்சியின் ஐந்து அமைச்சர்களும் நவம்பர் 19 அன்று பதவி விலகினார்கள். டிசம்பரில் அமைந்த புதிய அமைச்சரவையில் ஸ்ட்ராஸ் இல்லை. ராணுவம் பலவீனமாக இருந்ததற்காக அவர் பதவி இழக்கவில்லை. மக்கள் மன்றத்தில் உண்மையை மறைத்ததற்காகவே இழந்தார்.

ஆக்ஸ்டைன் 103 நாள் சிறையில் இருந்துவிட்டு 1963 பிப்ரவரியில் வெளியே வந்தார். 1965-ல் உச்ச நீதிமன்றம் ஆதாரம் போதாது என்று வழக்கை விசாரணைக்கு எடுக்கவே மறுத்தது. ஆனால் சோதனையை எதிர்த்துப் பத்திரிகை தொடுத்த வழக்கில், 1966-ல் அரசியல் சட்ட நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகள் நாலுக்கு நாலு என்று பிரிந்தார்கள். அதனால் பத்திரிகையின் மனு தள்ளுபடியானது. என்றாலும், அரசின் பிடியில் இல்லாத பத்திரிகை ஜனநாயகத்துக்கு இன்றியமையாதது என்று அந்தத் தீர்ப்பில் எழுதப்பட்டது. பின்னாளில் பத்திரிகைகளைக் காத்தது மனுவின் முடிவு அல்ல, இந்த வாசகம்தான்.

ஆலர்ஸ் பின்னர் பிரதமர் வில்லி பிராண்டின் அரசுக்கே செய்தித் தொடர்பாளர் ஆனார்.

1968-ல் தேசத்துரோகச் சட்டம் திருத்தப்பட்டது. நாட்டின் வெளிப் பாதுகாப்புக்குக் கடுமையான கேடு விளையும் என்றால்தான் அது அரசு ரகசியம். சர்வதேச ஆயுதக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தை மீறி அரசு மறைத்துவைக்கும் விஷயம் அரசு ரகசியமே அல்ல. ஒசியட்ஸ்கி வெளியிட்டது அச்சு அசலாக அத்தகைய விஷயம். தந்தையின் வழக்கை மறுபடி விசாரிக்க வேண்டும் என்று அவர் மகள் மனு செய்தார். 1992-ல் உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்துவிட்டது.

(தொடரும்)