முகாமும் வீடும்: பெங்களூரின் இரு தனிமைகள்

1898 ஆகஸ்டில் பெங்களூருக்குப் பிளேக் வந்தது. இரண்டாண்டுகளாகப் பம்பாய் மாகாணத்தை உலுக்கிக்கொண்டிருந்த நோய், ஹூப்ளிப் பகுதியிலிருந்து ரயில் பாதை வழியே மைசூர் சமஸ்தானத்துக்குள் நுழைந்தது. அதன் கிருமியை யெர்சின் 1894இலேயே ஹாங்காங்கில் கண்டறிந்திருந்தார். ஆனால் எலியும் தெள்ளுப்பூச்சியும் அதைப் பரப்பும் விதத்தை மருத்துவ உலகம் அப்போது ஏற்றிருக்கவில்லை. எனவே ஐயம் முழுவதும் மனிதர்கள்மீதும் அவர்கள் குடியிருந்த வீடுகள்மீதும் விழுந்தது.

அக்காலத்தில் தனிமைப்படுத்துவது என்றால் வீட்டிலிருந்து வெளியேற்றுவது என்றே பொருள். மைசூர் அரசின் கீழிருந்த பேட்டையிலும், தமிழர் பெருமளவில் வாழ்ந்த ஆங்கிலேயத் தண்டுப் பகுதியிலும் வீடுகள் சோதிக்கப்பட்டன. நோயுற்றவர் மருத்துவமனைக்கும், உடனிருந்தோர் ஊருக்கு வெளியே அமைந்த கொட்டகை முகாம்களுக்கும் அனுப்பப்பட்டனர். குடும்பங்கள் நோயாளிகளை ஒளித்துவைத்தன. புணேயில் 1897இல் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். மைசூர் சமஸ்தானத்திலேயே, ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடுத்த கஞ்சாமில் 1898 இறுதியில் மக்கள் கலகம் செய்தனர். இந்த எதிர்ப்பை அறியாமை என்று ஆட்சியாளர்கள் எளிதாக ஒதுக்கினர். பழகிய அடுப்பு, உறவினரின் கை, இறுதிச் சடங்கு ஆகிய மூன்றையும் ஒரே நாளில் இழப்பவரின் அச்சம் அதில் இருந்ததை அவர்கள் காணவில்லை. பெங்களூரில் இன்றும் வழிபடப்படும் பிளேக் அம்மன் கோயில்கள், அந்த அச்சத்தை மக்கள் கூடித் தாங்கிக்கொண்ட முறைக்குச் சான்று.

நோய் வீட்டின் வடிவத்தையும் மாற்றியது. முன்னரே திட்டமிடப்பட்டிருந்த மல்லேஸ்வரமும் பசவனகுடியும் பிளேக்குக்குப் பின் விரைவாக வளர்ந்தன. தண்டுப் பகுதியின் நெரிசலைக் குறைக்க, அடுத்த பத்தாண்டுகளில் பிரேசர் டவுன் எழுந்தது. அகன்ற தெரு, வீட்டைச் சுற்றி வெற்றிடம், காற்றோட்டம் ஆகியவை நலவாழ்வின் இலக்கணமாயின. அந்த இலக்கணத்துக்குள் குடியேற வசதி படைத்தவர்களால் மட்டுமே முடிந்தது.

122 ஆண்டுகளுக்குப் பின் தனிமையின் பொருள் தலைகீழானது. பம்பாய்ப் பிளேக்கின்போது இயற்றப்பட்ட 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டத்தைக் கொண்டே 2020 மார்ச்சில் கர்நாடக அரசு கொரோனா விதிகளை வெளியிட்டது. மார்ச் 25இல் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. ஒருகாலத்தில் வீட்டிலிருந்து மக்களை வெளியேற்ற உதவிய சட்டம் இப்போது அவர்களை வீட்டுக்குள் நிறுத்தியது. வீட்டுத் தனிமையில் இருந்தோரின் கையில் முத்திரை குத்தப்பட்டது. காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை மணிக்கொருமுறை செல்ஃபி எடுத்துச் செயலியில் அனுப்புமாறு மார்ச் இறுதியில் ஆணை பிறந்தது. தவறினால் பொதுத் தனிமை மையத்துக்கு அனுப்பப்படுவர் என்ற எச்சரிக்கையும் உடன் வந்தது. கண்காணிப்பின் அளவில் வீடும் முகாமும் நெருங்கிவந்தன.

அதே நாட்களில் பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் மனநல ஆலோசனைக்கான தொலைபேசி உதவி எண்ணைத் தொடங்கியது. குறித்த நேரத்தில் உறங்குதல், உடலை அசைத்தல், செய்தி பார்ப்பதைக் குறைத்தல், நாள்தோறும் யாரிடமாவது பேசுதல் என மனநல மருத்துவர்கள் அப்போது பரவலாகச் சொன்ன அறிவுரைகள் எளியவை, பயனுள்ளவை. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு முன்நிபந்தனையைக் கோரியது. ஒழுங்கான உறக்கத்துக்குக் கவலையற்ற கூலி வேண்டும். உடலை அசைக்க இடம் வேண்டும். பேசுவதற்குத் தனி மூலையாவது வேண்டும். தகரக் கொட்டகைகளில் வாழ்ந்த புலம்பெயர் கட்டுமானத் தொழிலாளர்கள் தங்களைப் பேணிக்கொள்ளக் கண்ட வழி, சொந்த ஊருக்குத் திரும்புவதே. மே முதல் வாரத்தில் அவர்களுக்கான ரயில்களை மாநில அரசு நிறுத்தக் கோரியது. கடும் கண்டனத்துக்குப் பின் ஓரிரு நாளில் அம்முடிவைக் கைவிட்டது. தன்னைப் பேணுதலைத் தனிமனித ஒழுக்கமாக மட்டும் பார்க்கும் பார்வைக்குள் இந்நிகழ்வு அடங்காது.

இவ்விரு காலங்களையும் ஒப்பிட ஒரு கருவி இருக்கிறது: தொலைபேசி. 1898இல் பிளேக் தடுப்புப் பணிகளை ஒருங்கிணைக்கப் பெங்களூரில் தொலைபேசிக் கம்பிகள் இழுக்கப்பட்டன. அவற்றில் அதிகாரி அதிகாரியுடன் பேசினார். முகாமில் இருந்தவரின் குரலுக்கு அங்கே இடமில்லை. 2020இல் அடைபட்டிருந்தவரே அழைக்க ஓர் எண் கிடைத்தது. 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் தேசியச் சேவை (எண் 14416), நிம்ஹான்ஸை மைய நிறுவனமாகக் கொண்டு அப்பாதையை நிலைப்படுத்தியது. மணிக்கொருமுறை கேட்கப்பட்ட செல்ஃபிக்கு முகம் மட்டும் போதும். உதவி எண்ணுக்கோ, அழைப்பவர் வாய்திறந்து சொல்லவும் மறுமுனையில் ஒருவர் பொறுமையுடன் கேட்கவும் வேண்டும். கொள்ளைநோய்களின் வரலாற்றை எழுதுவோர் இறந்தோரின் எண்ணிக்கையோடும் ஆணைகளின் பட்டியலோடும் நின்றுவிடலாகாது. அடைபட்டவர் பேச வழி இருந்ததா, யார் கேட்டார்கள் என்பதையும் அவர்கள் ஆவணங்களில் தேட வேண்டும்.